கசுலு இலட்சுமிநரசு செட்டியார்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், வாலிகண்டபுரம் என்னும் பழம்பதியைக் காணலாம். வானரவேந்தன் வாலி இறைவனைக் கண்டு வழிபட்ட இடமாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். அங்குள்ள வாலீசுவரர் திருக்கோயில் இன்றும் அப்பழமைக்குச் சான்றாக விளங்குகின்றது. வாலி யாவன் என்பதை மாணவர்கள் நன்கு அறிவர். மறைந்து நின்று எய்த அம்பினால் மார்பு பிளந்து வீழ்ந்தபோதும், எய்தவன் தன்னினும் பெரியவன் என்பதை அறிந்தபோதும், அவன் வாய்மூடி மாளவில்லை. இச்செயல் அறமாகுமோ என்று வினவிவிட்டே உயிர் நீத்தான். ஆற்றல் மிக்கோரை நோக்கி ஆற்றல் அற்றோர் எழுப்பும் அறவினா அது. அவ்வினாவை அவன் தொடுத்ததைக் கம்பர் பெருமான் பல பாடல்களால் விரித்துரைத்துள்ளார்.

வாலிகண்டபுரத்தின் அண்மையில் இரஞ்சன்குடிக் கோட்டை உள்ளது. 1751 ஆம் ஆண்டு இவ்வூர்ப்புறத்தில் ஒரு போர் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும், பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். இருதிறத்துப் படைகளும் இங்கே பொருதன. நாட்டை ஆளும் உரிமை யாருக்கு என்பதை வாளும் துப்பாக்கியும் முடிவு செய்தன. ஏர் பிடித்த உழவனை ஒருவரும் கேட்டிலர். 1801 இல் கருநாடகப் பகுதி முழுவதும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சிக்குள் வந்தது. வாலிகண்டபுரமும் அவ்வாறே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்த ஊராயிற்று. ஆள்வோர் மாறினர், உழவன் இறுக்கும் வரி மட்டும் மாறவில்லை.

இவ்வாறு வாயற்றுக் கிடந்த குடிகளின் சார்பில், வாலியைப் போன்று அறம் வினவ ஒருவர் தோன்றினார். அவர் முடிமன்னரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர், சென்னை நகரத்து வணிகர் ஒருவர். அவரே கசுலு இலட்சுமிநரசு செட்டியார்.

பிறப்பும் தொழிலும்

செட்டியார் 1806 ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வாணிகத்தில் பெயர் பெற்றவர். அந்நாளில் துணிகளுக்கு நீலச்சாயம் ஏற்றுவதற்கு அவுரியே இன்றியமையாத பொருளாக இருந்தமையால், அவ்வாணிகம் கடல் கடந்தும் சிறந்து நடந்தது. இலட்சுமிநரசு கல்லூரிகளில் பயின்றவர் அல்லர்; சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றியதே 1857 இல்தான். எனினும், நாட்டு நடப்புகளை ஆராய்வதிலும், அவை பற்றிப் பிறருடன் உரையாடுவதிலும் அவர் இளமை தொட்டே பெருவிருப்பம் கொண்டிருந்தார். கல்வியை ஒருவாறு முடித்துக் கொண்டு தந்தையாரின் தொழிலில் அமர்ந்தார். துணி வாணிகமும் அவுரி வாணிகமும் அவர் கையில் வளர்ந்தன. செல்வம் குவிந்தது.

செல்வம் பெற்றோர் மாடமாளிகை எழுப்புதலும், ஆள்வோரை அண்டிப் பட்டமும் பதவியும் தேடுதலும் எந்நாளும் உள்ள வழக்கம். செட்டியார் அவ்வழியிற் செல்லவில்லை. தாம் ஈட்டிய பொருளைக் குடிகளின் குறைகளை ஆள்வோர் செவியில் ஏற்றுதற்கே செலவிடத் துணிந்தார்.

இதழ்ப்பணி

ஆள்வோர் ஆங்கிலேயர், குடிகளோ தமிழும் தெலுங்கும் பேசுவோர். குறை கூறுவோன் மொழி ஆள்வோனுக்கு விளங்காது; ஆள்வோன் ஆணை குடிமகனுக்கு விளங்காது. இடையே நின்ற கீழ்நிலை அலுவலர் எதை உரைத்தனரோ அதுவே செய்தியாயிற்று. இந்நிலையை மாற்ற விரும்பிய செட்டியார், 1844 ஆம் ஆண்டு ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கிலச் செய்தி இதழைத் தொடங்கினார். அப்பெயர் இளம்பிறையைக் குறிக்கும். ஆங்கிலேயர் ஒருவரையே அதன் ஆசிரியராகவும் அமர்த்திக் கொண்டார். ஆள்வோர் மொழியிலேயே ஆள்வோரிடம் முறையிடுவது அவர் கருதிய வழி.

இவ்விதழ் தோன்றிய நாள்முதலே அரசினரின் வெறுப்புக்கு ஆளாயிற்று. ஏனைய இதழ்களுக்கு அளித்த சிறு சலுகைகளையும் இதற்கு அளிக்க அவர்கள் மறுத்தனர். செட்டியார் தளரவில்லை. 1846 ஆம் ஆண்டு, அரசினரின் பொருளால் நடைபெறும் கல்விக்கூடத்தில் விவிலியத்தைப் பாடநூலாக்கும் முயற்சி நடந்தபோது, அவர் பொதுக்கூட்டம் கூட்டி அதனை எதிர்த்தார். பல சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டு ஒரு சமயத்தை மட்டும் கற்பித்தல் முறையன்று என்பது அவர் கொள்கை.

அவர் கொண்ட கருத்துகள் யாவும் இக்காலத்துக்கு ஏற்பன என்று கூறுதல் இயலாது. சமயம் மாறியவர் தம் குடும்பச் சொத்தில் உள்ள பங்கை இழத்தலாகாது என்று 1850 இல் ஒரு சட்டம் பிறந்தது. செட்டியாரும் அவர்தம் நண்பர்களும் அதனை எதிர்த்தனர். இன்று நாம் அச்சட்டத்தைத் தனிமனிதரின் மனச்சான்றுக்குக் காவலாகவே மதிப்போம். பெரியோரும் தம் காலத்துக்குக் கட்டுப்பட்டவரே. அவர்தம் பிழையை மறையாது கூறி, அவர் ஆற்றிய நன்மையைப் போற்றுதலே வரலாறு கற்போர்க்கு அழகாம்.

சங்கமும் விண்ணப்பமும்

ஒருவர் குரல் கடலோசையில் கரைந்துவிடும். பலர் கூடி எழுப்பும் குரலே கரையேறும். இதனை உணர்ந்த செட்டியார், 1852 ஆம் ஆண்டு சென்னைச் சுதேசிகள் சங்கம் என்னும் அமைப்பினை நிறுவினார். இந்திய தேசியக் காங்கிரசு தோன்றுவதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகட்கு முன்னரே, தென்னாட்டு மக்கள் அரசியல் குறைகளை எடுத்துரைக்கக் கூடிய முதற்பெருஞ்சங்கம் இதுவே எனலாம்.

அப்பொழுது கும்பினியாரின் ஆட்சி உரிமைப் பட்டயத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தது. இருபதாண்டுக்கு ஒருமுறை இலண்டன் பாராளுமன்றம் அதனை ஆராயும். இத்தருணத்தை நழுவவிடாது சங்கத்தார் நீண்டதொரு விண்ணப்பம் எழுதிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நிலவரி அளவுக்கு மிஞ்சியது. நெசவாளர் முதலிய கைத்தொழிலாளர் மீது சுமத்திய தொழில்வரி கொடியது. உப்பின் விலை ஏழைக்கு எட்டாதது. நீதிமன்றங்களில் காலதாழ்வு மிகுதி. பாலங்களும் சாலைகளும் நீர்ப்பாசனமும் பள்ளிகளும் போதா. இவை அவ்விண்ணப்பத்தில் அடங்கிய முறையீடுகள். இவற்றுள் யாவற்றினும் கொடியதொன்றும் இருந்தது. அதுவே வரி தண்டுதற்குக் குடிகளை உடல்வருத்தும் வழக்கம்.

வரி தண்டலும் வன்கொடுமையும்

அக்கொடுமை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். சென்னை மாநிலத்தின் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை வழங்கிற்று. அஃதாவது, உழவன் ஒவ்வொருவனும் தன் நிலத்துக்குரிய வரியை இடைப்பட்ட சமீன்தார் எவருமின்றி அரசினருக்கு நேரே செலுத்துதல். வரியின் அளவோ மிகப் பெரிது. மழை பொய்த்த ஆண்டில் தள்ளுபடி கிடைப்பதும் கிடையாததும் கீழ்நிலை அலுவலரின் மனத்தைப் பொறுத்திருந்தன. வாலிகண்டபுரத்தைச் சூழ்ந்த நிலம் போன்று, காவிரி நீர் எட்டாது வானத்தையும் ஏரியையும் நோக்கியிருக்கும் புன்செய்ப் பகுதிகளில் உழவன் நிலை எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வரி தண்டும் பொறுப்புத் தாசில்தாருடையது. 1816 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்க்காவலும் அவர் பொறுப்பே. அவருக்கு மேலிருந்த கலெக்டர் வரித்தலைவராகவும் இருந்தார். குற்றம் ஆராயும் நடுவராகவும் இருந்தார். ஆகவே, வரி கேட்டு வருத்தியவனும் காவலனே. அவ்வாறு வருத்தினான் என்று முறையிடச் சென்றால், அம்முறையீட்டைக் கேட்பவனும் அவன் தலைவனே. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் முறையிடும்?

குடிகளை வருத்திய முறைகளைக் கேட்பின் நெஞ்சம் நடுங்கும். அண்ணாந்தாள் என்பது ஒன்று. கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்து, உடலை வளைத்து, நெடுநேரம் வெயிலில் நிறுத்துவர். வளைந்த முதுகின்மேல் கல்லை ஏற்றுதலும் உண்டு. கிட்டி என்பது மற்றொன்று. மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெருக்குவர். உண்ணவும் உறங்கவும் விடாது தடுத்தனர். மயிரைப் பற்றி இழுத்தனர். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினர். இவை கொலைக்குற்றவாளிகள் மீது நிகழ்ந்தவை அல்ல. சில பணம் நிலுவை வைத்த ஏழை உழவர் மீது நிகழ்ந்தவை. செங்கோல் ஏந்தியவன் முறையின்றிப் பொருள் கேட்டல், வழிப்பறிக் கள்வன் வேலேந்தி நிற்றற்கு ஒப்பாகும் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வுவமை இங்கே உவமையாக நில்லாது உண்மையாகவே ஆயிற்று.

இவற்றைச் செய்த சேவகரும் மணியக்காரரும் நம் நாட்டவரே என்பதையும் நாம் மறத்தலாகாது. கேட்பாரற்ற அதிகாரம் கையில் இருப்பின், அண்டைவீட்டானையும் வருத்த மனிதன் தயங்கான். பிறநாட்டார் ஆட்சி என்பதனால் மட்டும் இக்கொடுமை விளைந்தது அன்று. அதிகாரத்துக்கு வரம்பு இன்மையால் விளைந்தது.

சீமோர் வருகை

சங்கத்தின் விண்ணப்பம் இலண்டனை அடைந்தபோது பலர் அதனை நம்பவில்லை. சென்னையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகள் தாம் இத்தகைய கொடுமையைக் கேட்டதும் இல்லை, கண்டதும் இல்லை என்றனர். ஆனால், இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்னும் அமைப்பின் தலைவரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய டான்பி சீமோர் என்பவர், உண்மையை நேரிற் கண்டறிய விரும்பினார். அவர் 1853 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார்.

செட்டியார் அவரை வரவேற்றார். விருந்தளித்து, மாலை சூட்டி, நகரத்தின் அழகைக் காட்டி அனுப்பினாரல்லர். அவரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். குடிகளைக் கண்டு பேசச் செய்தார். கொடுமைக்கு ஆளானோரை அவர்முன் நிறுத்தினார். அரசினர் ஐயத்தோடு நோக்குகின்றனர் என்பதையும், தம் வாணிகத்துக்கு ஊறு விளையும் என்பதையும் அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே இதனைச் செய்தார்.

சீமோர் தாம் கண்டவற்றைக் கேட்டவர் மறுக்க இயலாத வண்ணம் தம் நாட்டாருக்கு எடுத்துரைத்தார். 1854 சூலைத் திங்களில் பாராளுமன்றத்தில் இது பற்றிக் கடும் வாதம் நிகழ்ந்தது. அதன் விளைவாக, உண்மையை ஆராய்ந்து அறிவிக்குமாறு சென்னை அரசினருக்கு ஆணை பிறந்தது.

விசாரணைக் குழு

ஆரிசு பிரபு சென்னை ஆளுநராக இருந்த அக்காலத்தில், 1854 ஆம் ஆண்டிலேயே, எலியட், ஸ்டோக்சு, நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய குழு அமைக்கப்பட்டது. சோழ மன்னன் வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்ததாகவும், கன்றை இழந்த பசுவும் அதனை அசைத்து நீதி பெற்றதாகவும் கேட்டிருக்கின்றோம். நெடுங்காலம் அறுந்து கிடந்த அம்மணி மீண்டும் கட்டப்பட்டது போன்றே மக்கள் எண்ணினர்.

ஆனால் மணி கட்டிய இடமோ சென்னை. வாலிகண்டபுரத்தினின்று சென்னை ஏறத்தாழ 160 கல் தொலைவில் உள்ளது. புகைவண்டி இல்லாத அந்நாளில், நாளொன்றுக்கு 20 கல் நடப்பினும் எட்டு நாட்கள் ஆகும். மீண்டு வர எட்டு நாட்கள். வழிச்செலவுக்குப் பொருளும், வயலைப் பார்த்துக் கொள்ள ஆளும் வேண்டும். திரும்பி வந்தபின் அதே தாசில்தாரின் கீழ்த்தான் வாழ்தல் வேண்டும். இத்தனை இடர்களையும் பொருட்படுத்தாது, தொலைவிலுள்ள மாவட்டங்களினின்றும் மக்கள் நடந்து வந்து முறையிட்டனர் என்றால், அவர்கள் பட்ட துன்பத்தின் அளவை நாமே உய்த்துணரலாம். வர இயலாதோர் எழுத்தால் முறையிட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குழுவினரிடம் குவிந்தன.

1855 ஏப்பிரல் திங்களில் குழுவினர் தம் அறிக்கையை அளித்தனர். வரி தண்டுதற்கும், குற்றவாளிகளை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் உடல்வருத்தம் நடைபெறுவது உண்மையே என்று அவர்கள் ஐயமின்றி உரைத்தனர். வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒருவர் கையில் இருப்பதே இதற்குப் பெருங்காரணம் என்பதையும் சுட்டிக்காட்டினர். எனினும், ஆங்கில மேலதிகாரிகள் இதற்கு உடந்தையாக இருந்திலர் என்றும், பழி கீழ்நிலையில் இருந்த நாட்டினரையே சாரும் என்றும் கூறினர். இம்முடிவை முழுதும் ஏற்றல் அரிது. எவ்வாறு தண்டினாய் என்று ஒருகாலும் வினவாமல், எவ்வளவு தண்டினாய் என்று மட்டும் வினவிய மேலதிகாரிக்குப் பழியில் பங்கில்லை என்று எங்ஙனம் கூறுவது? அறியாதிருத்தல் வேறு, அறிய விரும்பாதிருத்தல் வேறு.

விளைந்த நன்மைகள்

எங்ஙனமாயினும், அரசினர் தம் குறையைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன் பயன்கள் ஒவ்வொன்றாக விளைந்தன. நிலங்களை ஒழுங்காக அளந்து வரியைத் திருத்தி அமைக்கும் பணி தொடங்கிற்று. 1859 ஆம் ஆண்டு சென்னைக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. காவற்பணி வருவாய்த்துறையினின்று பிரிக்கப்பட்டுத் தனித்துறை ஆயிற்று. வரி கேட்பவன் கையினின்று காவற்கோல் அகன்றது.

1860 ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330 ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறவோ பொருள் பெறவோ ஒருவரை வருத்துதல் குற்றம் என்று விதித்தது. வரிநிலுவைக்காகக் குடிமகனை வருத்தும் வருவாய் அலுவலரையே அப்பிரிவு எடுத்துக்காட்டாகக் கூறியது. 2024 ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் அச்சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாயச் சன்கிதை பெற்றபோதும், அவ்விதி 120 ஆம் பிரிவாகத் தொடர்ந்தது.

ஆயினும் சட்டம் பிறந்த அன்றே கொடுமை இறந்துவிட்டது என்று எண்ணற்க. ஏட்டில் உள்ள சட்டம் உறையில் உள்ள வாள் போன்றது. அதனை உருவும் கை வேண்டும். அக்கை துணிவுடைய குடிமக்களின் கையே.

இறுதி நாட்கள்

அதன் பின்னரும் செட்டியார் ஓய்ந்தாரல்லர். வாணிகக் கும்பினியிடம் நாட்டை விட்டுவைத்தல் தகாது, அரசியாரின் ஆட்சி நேரே நடத்தல் வேண்டும் என்று சங்கத்தின் வாயிலாக மீண்டும் விண்ணப்பித்தார். 1858 இல் கும்பினியாட்சி முடிவுற்றது. 1857 இன் பெரும்புரட்சியே அதற்கு உடனடிக் காரணமாயினும், அதனை முன்னரே வேண்டி நின்றோருள் சென்னைச் சங்கத்தாரும் இருந்தனர்.

நெடுங்காலம் தம்மை ஐயக்கண் கொண்டு நோக்கிய அரசினரே, 1863 ஆம் ஆண்டு அவரைச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக அமர்த்தினர். பெருமை வந்து சேர்ந்தது. ஆனால் பொருள் அகன்றுவிட்டது. இதழுக்கும் சங்கத்துக்கும் பொதுப்பணிக்கும் வாரி வழங்கிய அவர், வறுமை எய்தியவராகவே 1868 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நடத்திய இதழும் நின்றது, சங்கமும் தளர்ந்தது. பெருஞ்செல்வராகத் தொடங்கிய ஒருவர் வெறுங்கையராக முடிந்தார் என்று உலகியல் அறிந்தோர் கூறுவர். அச்செல்வம் எங்குச் சென்றது என்பதை, கிட்டியினின்று விடுபட்ட விரல்களைக் கேட்டல் வேண்டும்.

முடிவுரை

1948 ஆம் ஆண்டு திசம்பர் 10 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பேரறிக்கையை வெளியிட்டது. எவரையும் சித்திரவதைக்கோ இழிவான நடத்துகைக்கோ உட்படுத்தலாகாது என்பது அதன் ஐந்தாம் பிரிவு. 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, சட்டநெறிக்கு மாறாக எவருடைய உயிரையும் உரிமையையும் பறித்தல் ஆகாது என்று காவல் செய்கின்றது. 1993 இல் தேசிய மனித உரிமை ஆணையமும், 1997 இல் தமிழ்நாட்டு மனித உரிமை ஆணையமும் தோன்றின. இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, உரிமை என்னும் சொல்லும் ஊரார் வாயில் வழங்காத காலத்தில், அதன் பொருளை உணர்ந்து உழைத்தவர் இலட்சுமிநரசு செட்டியார்.

மாணவர்களே! அரசு இன்றியமையாதது. அரசு இல்லையேல் வலியோன் எளியோனை விழுங்குவான். ஏரிகளும் சாலைகளும் பள்ளிகளும் அமையா. அவற்றுக்காக வரி செலுத்துதல் குடிமக்களின் கடமை. ஆனால், எளியோனைக் காத்தற்கென்றே அமைந்த அரசு, தானே அவனை வருத்தும் வலியோனாக மாறுதல் கூடாது. கடமையைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. கேட்கும் முறைக்கு அறம் எல்லையாதல் வேண்டும். அவ்வெல்லை கடக்கப்படும்போது, இது முறையோ என்று கேட்போர் சிலரேனும் நாட்டில் இருத்தல் வேண்டும்.

வாலிகண்டபுரத்து வழியே செல்வோர் அக்கோயிலையும் கோட்டையையும் காண்பர். கோட்டை, ஆண்டவர்களின் ஆற்றலை நினைவூட்டும். கோயிலின் பெயரோ, வீழ்ந்த நிலையிலும் அறம் வினவிய ஒருவனை நினைவூட்டும். நாளை உங்களுள் சிலர் கோட்டையில் அமர்ந்து ஆணையிடும் அலுவலர் ஆகலாம். பலர் வாயிலில் நின்று முறையிடும் குடிமக்கள் ஆகலாம். எந்நிலையில் இருப்பினும், செட்டியாரின் வாழ்வு உங்கள் நினைவில் நிற்பதாக.